வயலின் டீச்சரிடம் கேளுங்கள்

போன இதழில், டர்பனில் கேட்ட ஒரு ஆர்கெஸ்ட்ரா கச்சேரியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த, தனி வயலின் வாசிக்கும் சோலோயிஸ்ட், இன்னொரு நாட்டிலிருந்து வந்த, கையில் குச்சியோடு குழுவை நடத்தும் கண்டக்டர், நம்மூர் இசைக்குழு. வாசித்தது ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சனின் ஈ மைனர் வயலின் கான்செர்ட்டோ, அதாவது ஒரு தனி வயலினும் முழு இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கிற பெரிய பாட்டு. வழக்கமாக இந்தப் பக்கத்துக்குக் கமகம், வில் பிடிக்கும் முறை என்றுதான் கடிதங்கள் வரும். இந்த முறை பாதிக்கு மேல் அந்தக் கச்சேரியைப் பற்றித்தான். மனசு நிறைந்துவிட்டது. இடம் இருக்கும் வரை பதில் சொல்கிறேன்.

டீச்சர், எல்லார் முன்னாலயும் பாட்டு எழுதின நோட்டு இருக்கு. எல்லாரும் படிச்சவங்க. அப்புறம் குச்சியை ஆட்ட ஒருத்தர் எதுக்கு? அதுவும் வெளிநாட்டிலிருந்து கூட்டிட்டு வரணுமா?
– ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், டொங்காட்

ஐயா, நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலத்தில் கண்டக்டர் என்று தனியாக ஒருவர் கிடையாது. முதல் வயலின்காரரோ, பியானோ மாதிரியான ஹார்ப்சிகார்ட் வாசிப்பவரோ தலையசைத்து நடத்திக்கொண்டு போவார்கள். 19ஆம் நூற்றாண்டில் குழு பெரிதாகிப் பாட்டுகளும் நீண்டு சிக்கலானபோதுதான், வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு முழுக் குழுவையும் கேட்பதற்கென்றே ஒருவர் தேவைப்பட்டார். அந்த வேலையை ஒரு தொழிலாகவே நிலைநிறுத்தியவர்களில் ஒருவர் மெண்டல்சன். 1835 முதல் லைப்சிக் நகரத்தின் கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவை நடத்தினார்.

மேடையில் பார்ப்பது கண்டக்டரின் வேலையில் கடைசிப் பகுதி மட்டும்தான். மீதி எல்லாம் ஒத்திகையில் முடிந்திருக்கும். ஹார்ன் சத்தம் வயலினைவிடக் கொஞ்சம் பெரிதான வயோலாவை மூடுகிறதா, பின்வரிசையில் கீழ் ஸ்தாயிக் கம்பி வாத்தியமான செல்லோக்கள் ஒரு இழை தாமதமாக வருகிறார்களா, எல்லாருடைய வில்லும் ஒரே இடத்தில் திரும்புகிறதா, இதையெல்லாம் கேட்டுச் சொல்ல ஒரு காது வேண்டும். வாசிப்பவருக்குத் தன் பக்கத்து நாற்காலிச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும்.

விருந்தாளியாக வருபவருக்கு இன்னும் கஷ்டம். அந்தக் குழுவில் ஒருவரையும் முன்பின் தெரியாது. கச்சேரிக்கு முன்னால் மூன்று அல்லது நான்கு ஒத்திகை கிடைக்கும், அவ்வளவுதான். சோலோயிஸ்ட் அதில் கடைசி ஒன்றிரண்டுக்குத்தான் வந்து சேர்ந்துகொள்வார். அதற்கு முன் கண்டக்டரும் அவரும் ஒரு அறையில் உட்கார்ந்து, இங்கே நான் கொஞ்சம் இழுப்பேன், இங்கே ஓடிவிடுவேன் என்று பேசி வைத்துக்கொள்வார்கள்.

ஒரு இடத்தை மட்டும் சொல்கிறேன். முதல் பகுதியில் வயலின் பரபரவென்று ஓடி ஓடி, படிப்படியாக இறங்கி, நாலாவது கம்பியைத் திறந்தபடியே ஒரு நீண்ட ஸ்வரத்தில் வந்து நிற்கும். வயலினில் அதற்குக் கீழே ஸ்வரமே கிடையாது. அது நிற்கும்போதே மேலே கிளாரினெட்டும் புல்லாங்குழலும் அமைதியான ஒரு புது மெட்டைத் தொடங்கும். சோலோ வாசிப்பவர் அங்கே வெறும் ஆதார ஸ்ருதி. அன்றைக்கு அந்த இடம் வந்ததும் கண்டக்டர் வலது கையை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். இடது கையின் இரண்டு விரல் மட்டும் லேசாக உயர்ந்திருந்தது. உடம்பு முழுக்க வயலின்காரர் பக்கம் திரும்பியிருந்தது. அவருடைய வில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். வில்லின் நுனி வரப்போகிறது என்று தெரிந்ததும் குழல்காரர்களைப் பார்த்துத் தலையை ஒரு சிறிது அசைத்தார், அவர்கள் வாக்கியத்தை அழகாக முடித்தார்கள். பாடகரின் மூச்சைப் பார்த்து மிருதங்கக்காரர் தீர்மானம் வைக்கிற கவனம் அது. எல்லார் முன்னாலும் நோட்டு இருந்தது, நீங்கள் சொன்னது சரி. ஆனால் அந்த வில் எப்போது தீரும் என்று எந்த நோட்டிலும் எழுதியிருக்காது, ஐயா.

சோலோயிஸ்ட் நடுவில் குழுவே இல்லாமல் தனியாக ரொம்ப நேரம் வாசித்தார். அது நம் மனோதர்மம் மாதிரி அப்போதைக்கு யோசித்து வாசிப்பதா?
– கர்னாடக சங்கீத மாணவன், செட்ஸ்வர்த்

தம்பி, நீ கேட்ட இடத்துக்கு கடென்சா என்று பேர். ஆரம்பத்தில் அது மனோதர்மமேதான். குழு ஒரு ஸ்வரத்தில் வந்து நிற்கும். தனி வாசிப்பவர் அதுவரை வந்த மெட்டுகளை எடுத்துத் தன் கற்பனைப்படி விரித்து, கடைசியில் இரண்டு ஸ்வரத்தை வேகமாக மாற்றி மாற்றி டிரில் போட்டு ஜாடை காட்டுவார், குழு உள்ளே வரும். நம் கல்பனாஸ்வரத்தில் பெரிய கோர்வை முடிந்து பல்லவியில் வந்து விழுகிற அதே இடம்தான்.

பீத்தோவன் தன் வயலின் கான்செர்ட்டோவுக்கு, 1806 டிசம்பர் 23 அன்று வியன்னாவில் முதலில் வாசிக்கப்பட்டது அது, வயலின் கடென்சாவே எழுதி வைக்கவில்லை. வாசிப்பவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார். அதனால் பிற்காலத்து வித்வான்கள் ஆளுக்கு ஒன்று எழுதினார்கள். இன்றைக்கு அதிகம் கேட்பது யோவாஹிம் எழுதியது அல்லது கிரைஸ்லர் எழுதியது.

மெண்டல்சன் வேறு மாதிரி. கடென்சாவை ஒவ்வொரு ஸ்வரமாகத் தானே எழுதினார். வழக்கமாகப் பகுதியின் கடைசியில் வருவதை நடுவுக்குக் கொண்டு வந்தார். அதனால் என்ன ஆனது என்று கேள். கடென்சாவின் முடிவில் வயலின்காரர் வில்லை நான்கு கம்பிகள் மேலும் துள்ளவிட்டு, மேலும் கீழுமாக ஸ்வரங்களைத் தெறிக்கவிடுகிறார். வில் தானாகக் குதிக்கிறது. கை அதைத் தடுக்காமல் விட்டால் போதும், ஆனால் அப்படி விடுவதற்குப் பல வருஷப் பயிற்சி வேண்டும். அவர் இப்படித் துள்ளிக்கொண்டே இருக்கும்போது, அடியிலிருந்து குழு மிக மெல்லிய குரலில் முதல் மெட்டைத் தொடங்குகிறது. வயலின் நிற்பதில்லை, துள்ளல் தொடர்கிறது. இவ்வளவு நேரம் தனி ஆவர்த்தனம் செய்தவர் கண் மூடித் திறப்பதற்குள் பக்கவாத்தியம் ஆகிவிடுகிறார். எங்கே மாறினார் என்று நம்மால் சொல்ல முடியாது.

கண்டக்டருக்கு அந்த இரவிலேயே கஷ்டமான நொடி அதுதான். கடென்சாவில் வாசிப்பவர் தன் இஷ்டப்படி வேகம் கூட்டுவார், குறைப்பார். கண்டக்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பிறகு ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிற மாதிரி, குழுவைச் சரியாக அந்த வேகத்தில் உள்ளே ஏற்ற வேண்டும். அடுத்த முறை கேட்கும்போது அந்த இடத்தில் கண்ணை மூடாதே. கண்டக்டரைப் பார்.

டீச்சர், எங்களைப் போன்ற கிழவர்கள் அந்த மாதிரி இடத்துக்குப் போனால் ஒட்டாமல் தனியாகத் தெரிவோமா? எங்கள் காலத்தில் வாசல் வரைக்கும்தான்.
– 78 வயது வாசகர், மெரேபேங்க்

ஐயா, உங்கள் கடிதத்தைப் பல முறை படித்தேன். எங்கள் வீட்டுக் கதையும் இதுதான்.

என் அப்பா சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தார். சனி ஞாயிறுகளில் கல்யாண வீட்டு ஆர்கெஸ்ட்ராவில் வயலின். காதால் கேட்டே பழகியவர், நோட்டுப் படிக்கத் தெரியாது. ராத்திரியில் ரேடியோவில் சிம்பொனி வந்தால் எங்களைச் சத்தம் போடாதீர்கள் என்று அதட்டிவிட்டு, ரேடியோவோடு காதை ஒட்ட வைத்துக்கொண்டு உட்காருவார். மறுநாள் அந்த மெட்டில் ஒரு துண்டு அவர் வயலினில் வரும், கொஞ்சம் சினிமாப் பாட்டு வாசனையோடு. அந்த இசையை நேரில் வாசிக்கிற அரங்கு எங்கள் வீட்டிலிருந்து ரயில் போகிற தூரம்தான். உள்ளே உட்கார்ந்து கேட்டதில்லை. தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு 1953இல் கொண்டுவந்த தனித்தனி வசதிகள் சட்டம் யார் எந்த வாசல், எந்த பெஞ்சு, எந்த அரங்கு என்று கோடு போட்டு வைத்திருந்தது. அது ரத்தானது 1990இல். அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்தக் கோட்டை மதிக்காத கலைஞர்களும் இருந்தார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். உலகப் புகழ் பெற்ற வயலின் வித்வான் யெஹுதி மெனுஹின் 1950களில் இந்த நாட்டுக்கு வந்தபோது, ஜோகன்னஸ்பர்க்கின் சோஃபியாடவுனில் உள்ள கிறிஸ்து அரசர் தேவாலயத்தில் கறுப்பின மக்களுக்கு வாசித்தார். அங்கே பாதிரியாராக இருந்த டிரெவர் ஹடல்ஸ்டன் அழைத்திருந்தார். பிற்பாடு அந்த சோஃபியாடவுனையே இடித்துத் தள்ளினார்கள். இதே மெனுஹின்தான் 1952இல் நேருவின் அழைப்பில் இந்தியா போய், நம் சங்கீதத்தில் மனம் தோய்ந்து, ரவிசங்கரோடு சேர்ந்து வாசித்தவர்.

சரி, இன்றைக்கு வருகிறேன். டர்பன் சிட்டி ஹால் 1910இல் கட்டியது. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகர மண்டபத்தை மாதிரியாக வைத்துக் கட்டினார்கள். நம் குவாசூலு-நட்டால் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு 1983இல் நட்டால் ஃபில்ஹார்மோனிக் என்ற பெயரில் தொடங்கியது. அந்தக் கட்டடம் நம் முனிசிபல் வரியிலும் நிற்கிறது. 1860 நவம்பர் 16 அன்று இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அங்கே ஒட்டாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. அன்றைக்கு என் வரிசையில் ஒரு ஜூலு அம்மா தன் மகன் வயோலா வாசிப்பதைப் பார்க்க வந்திருந்தார். ஒவ்வொரு இடைவெளியிலும் அவன் எந்த நாற்காலி என்று எனக்குக் காட்டினார். எனக்கு இந்தப் பக்கம், ஆயாவையும் பேத்தியையும் கூட்டி வந்த நம்மவர் ஒருவர். ஆயா பட்டுப்புடவையில் வந்திருந்தார்.

வேட்டி கட்டிக்கொண்டே போகலாம், ஐயா. நன்றாக இருக்கும். படி ஏற முடியுமா என்று மட்டும் டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், கீழ்த்தளத்தில் இடம் வாங்குங்கள். இடப்பக்கம் கிடைத்தால் இன்னும் நல்லது. சோலோயிஸ்டின் வில் பிடித்த கை அங்கிருந்து முழுசாகத் தெரியும்.

எப்போது கை தட்ட வேண்டும்? நான் தட்டினேன், யாரும் தட்டவில்லை.
– வாசகி, ஃபீனிக்ஸ்

கான்செர்ட்டோவில் பெரும்பாலும் மூன்று பகுதிகள், சிம்பொனியில் நான்கு. எல்லாம் முடிந்த பிறகு தட்டுவது இன்றைய பழக்கம். கண்டக்டர் கையைக் கீழே இறக்கி, நம் பக்கம் திரும்பினால் முடிந்தது என்று அர்த்தம். 19ஆம் நூற்றாண்டில் பகுதிக்குப் பகுதி தட்டினார்கள், பிடித்தால் அதே பகுதியைத் திரும்ப வாசிக்கவும் சொன்னார்கள். அதனால் நீங்கள் தட்டியது குற்றம் ஒன்றும் இல்லை அம்மா. சைக்கோவ்ஸ்கியின் வயலின் கான்செர்ட்டோவில் முதல் பகுதி முடிந்ததும் பெரிய பெரிய நகரங்களிலேயே ஜனங்கள் அடக்க முடியாமல் தட்டிவிடுவார்கள். மெண்டல்சன் இதற்கும் ஒரு வழி செய்தார். முதல் பகுதி முடிந்த பிறகும் பசூன் என்ற கீழ் ஸ்தாயிக் குழல் ஒரே ஒரு ஸ்வரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும், அதிலிருந்தே இரண்டாம் பகுதி பிறந்துவிடும். தட்ட இடைவெளியே கிடையாது.

நம் கச்சேரியில் நடுவில் "பலே" சொல்கிறோமே, அதை அங்கே மனசுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

கச்சேரிக்கு முன்னால் ஒரே ஒரு குழல் ஊத, எல்லாரும் அதைப் பார்த்து ஸ்ருதி சேர்க்கிறார்களே, ஏன் அந்தக் குழல்?
– 7ஆம் வகுப்பு மாணவி, ரிசர்வாயர் ஹில்ஸ்

கண்ணு, அது ஓபோ. அதன் நாதம் கூர்மையாக, ஆடாமல் நிற்கும். எவ்வளவு கும்பலிலும் தனியாகக் கேட்கும். ஏ என்கிற ஸ்வரத்தைக் கொடுப்பார், பொதுவாக ஒரு நொடிக்கு 440 அதிர்வு. முதல் வயலின்காரரை கான்செர்ட் மாஸ்டர் என்பார்கள், அவர் எழுந்து நின்று அதை வாங்கி மற்றவர்களுக்குக் கொடுப்பார். சோலோயிஸ்ட் மேடைக்கு வந்ததும் கை குலுக்குவதும் அவரோடுதான்.

மைக் இல்லாமல் ஒரே ஒரு வயலின், அவ்வளவு பெரிய குழுவுக்கு மேலே எப்படிக் கேட்கிறது? எங்கள் கோயிலில் மூன்று மைக் வைத்தும் கேட்பதில்லை.
– கோயில் கமிட்டி உறுப்பினர், வெருலம்

பாதி வாசிப்பவரின் கையில், பாதி எழுதினவரின் மூளையில் இருக்கிறது, ஐயா.

கையில் இருப்பது: வில்லைக் கம்பியின் எந்த இடத்தில் வைக்கிறார், எவ்வளவு பாரம், எவ்வளவு வேகம் என்பது. கம்பிகளைத் தாங்குகிற பிரிட்ஜுக்குப் பக்கமாக, நிதானமான வேகத்தில், கையின் எடை இறங்க இழுத்தால் நாதம் குவிந்து தூரம் போகும். பக்கத்தில் நின்று கேட்டால் கொஞ்சம் கரகரப்பாகக்கூட இருக்கும். பால்கனி கடைசி வரிசையில் அது தேனாகக் கேட்கும். இன்னொன்று, நம் காது சுமார் 2,000 முதல் 5,000 அதிர்வு வரை உள்ள சத்தத்துக்கு ரொம்பக் கூர்மை. நல்ல வயலினின் பிரகாசம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

எழுதினவர் செய்வது: வயலின் பேசும்போது மற்றவர்களை அடக்கி வைப்பது. மெண்டல்சன் இந்தக் கான்செர்ட்டோவில் டிராம்போனே வைக்கவில்லை. புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன், ஹார்ன், டிரம்பெட் எல்லாம் இரண்டிரண்டு, அப்புறம் டிம்பனி என்ற பெரிய முரசும் கம்பி வாத்தியங்களும். வயலின் பாடும்போது பெரும்பாலும் இவர்களில் பாதிப் பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பிராம்ஸ் கொஞ்சம் தாராளமாகக் குழுவை வாசிக்கவிட்டவர். அவருடைய கான்செர்ட்டோவின் இரண்டாம் பகுதியில் அழகான மெட்டை முதலில் ஓபோவுக்குக் கொடுத்துவிட்டார். அது பிடிக்காமல்தான் சரசாத்தே என்கிற பெரிய வித்வான் அதை வாசிக்க மறுத்தார் என்று ஒரு கதை உண்டு. எனக்கு அந்த ஓபோ மெட்டு உயிர். வயலின்காரர் வில்லை இறக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொருவர் வாசிப்பதை நின்று கேட்பதைப் பார்க்கவே அழகாக இருக்கும்.

கோயில் விஷயத்துக்கு: மைக்கைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். தவிலுக்கு மைக்கே வேண்டாம். வயலினுக்கு ஒன்று போதும்.

என் மகளுக்கு ஸ்கூலில் வெஸ்டர்ன் வயலின், சனிக்கிழமை கர்னாடக வயலின். ஸ்கூல் டீச்சர் ஒன்றை விடச் சொல்கிறார். எதை விடுவது?
– ஒரு தாய், செட்ஸ்வர்த்

ஒன்றையும் விட வேண்டாம். ஆனால் அவள் கஷ்டம் நிஜமானது, அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்கூலில் அவள் நின்றுகொண்டு, தாடையிலும் தோளிலும் வயலினைப் பிடிக்கிறாள். தாடைக்கு வைக்கும் கட்டையை ஷ்போர் என்ற ஜெர்மன் வித்வான் 1820 வாக்கில் கொண்டுவந்தார். சனிக்கிழமை சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயலின் தலையை வலது கணுக்காலில் சாய்க்கிறாள். இடது கை அப்போது முழு விடுதலையில் இருக்கிறது, கமகத்துக்காகக் கம்பி முழுக்க வழுக்க முடிகிறது. அங்கே கம்பிகள் ஜி, டி, ஏ, ஈ. இங்கே ச-ப-ச-ப. அங்கே விரல் ஒரு இடத்தில் சுத்தமாக விழ வேண்டும், இங்கே இரண்டு இடத்துக்கு நடுவே அசைந்து போக வேண்டும். பத்து வயதுக் குழந்தைக்கு இது இரண்டு மொழி. நம் பிள்ளைகள் இரண்டு மூன்று மொழியில் பேசித்தானே வளர்கிறார்கள்.

முடிந்தால் இரண்டு வயலின் வையுங்கள், ஒரே வயலினைத் திருப்பித் திருப்பி முறுக்கினால் கம்பியும் போகும், ஸ்ருதியும் நிற்காது. ஒரே நாளில் இரண்டு பயிற்சியும் வேண்டாம்.

அந்த ஸ்கூல் டீச்சரிடம் மரியாதையாக ஒரு விஷயம் சொல்லுங்கள். நம் வயலினே அவர்கள் வழியாக வந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், சென்னையில் ஐரோப்பியர்களிடம் இந்த வாத்தியத்தைக் கற்றுக்கொண்டு அதை நம் பாட்டுக்குத் திருப்பினார். அண்ணன் தீட்சிதர் கோட்டையில் இருந்த ஆங்கிலேயப் பாண்டு மெட்டுகளைக் கேட்டு, சமஸ்கிருதத்தில் சுமார் 40 நோட்டுஸ்வர சாகித்தியங்கள் செய்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் தந்த வயலின் யானைத் தந்தத்தால் ஆனது. இவர்கள் யாரும் ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்கவில்லை. அடுத்த கச்சேரிக்கு உங்கள் மகளையும், முடிந்தால் அந்த டீச்சரையும் என்னோடு அனுப்புங்கள். நடுவில் உட்கார்ந்து நான் சொல்லிக்கொள்கிறேன்.

கச்சேரி நடுவில் சோலோயிஸ்டின் கம்பி அறுந்தால்?
– மாணவன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

கான்செர்ட் மாஸ்டர் தன் வயலினைக் கொடுத்துவிடுவார். அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் தன்னுடையதை அவருக்குக் கொடுப்பார். அறுந்த வயலின் பின்னால் போகும்.

1986இல் அமெரிக்காவில் டேங்கிள்வுட் என்ற இடத்தில் இது நடந்தது. மிடோரி என்ற ஜப்பானியப் பெண், வயது 14. இசையமைப்பாளர் பெர்ன்ஸ்டைன் எழுதிய செரினேட் என்ற பாட்டை அவரே நடத்த, இவள் வாசிக்கிறாள். ஈ கம்பி அறுந்தது. திரும்பி, கான்செர்ட் மாஸ்டரின் வயலினை வாங்கித் தொடர்ந்தாள். இவள் பழகியதைவிடக் கொஞ்சம் பெரிய வயலின். கொஞ்ச நேரத்தில் அதன் ஈ கம்பியும் அறுந்தது. மறுபடி திரும்பி, மூன்றாவது வயலினை வாங்கி முடித்தாள். பெர்ன்ஸ்டைன் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வயலினில் அரை மில்லிமீட்டர் தள்ளி விரல் வைத்தாலே ஸ்ருதி போய்விடும். அளவு மாறிய வயலினில் அந்தக் குழந்தை உடனே விரலை மாற்றி வைத்தாள் என்றால், வழிகாட்டியது காது. அதனால்தான் வகுப்பில் உன் விரல் அடையாள ஸ்டிக்கரை நான் பிய்த்துப் போட்டது.

சென்னையிலிருந்து வேலைக்கு வந்து ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறோம். இங்கே எங்கே கேட்பது? எட்டு வயது மகனைக் கூட்டிப் போகலாமா?
– தம்பதி, மிட்ராண்ட்

பார்க்டவுனில் லிண்டர் ஆடிட்டோரியம். ஜோகன்னஸ்பர்க் ஃபில்ஹார்மோனிக் அங்கே வாசிக்கும். கேப் டவுன் போனால் சிட்டி ஹால், 1990இல் விடுதலையான அன்று மண்டேலா பேசிய அதே கட்டடம். சோவெட்டோவில் பஸ்கெய்ட் என்ற பள்ளி 1997 முதல் பிள்ளைகளுக்கு வயலின், வயோலா, செல்லோ சொல்லிக்கொடுக்கிறது. அவர்கள் வாசித்தால் தவறவிடாதீர்கள்.

எட்டு வயது தாராளம். ஓரமான இடமாக வாங்குங்கள். முதலில் ஓவர்ச்சர் என்ற சின்னத் தொடக்கப் பாட்டு, அடுத்து கான்செர்ட்டோ, இடைவேளை, பிறகு சிம்பொனி என்பது வழக்கம். கான்செர்ட்டோவோடு தூக்கம் வந்தால் இடைவேளையில் கிளம்பிவிடுங்கள், ஒன்றும் நஷ்டமில்லை. முந்தின வாரம் வீட்டில் இரண்டு மூன்று முறை அதே கான்செர்ட்டோவைப் போட்டு விடுங்கள். மெண்டல்சன் என்றால் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தெரிந்த மெட்டு மேடையில் வரும்போது குழந்தை உங்கள் கையை அழுத்துவான். முறுக்குப் பொட்டலம் காரிலேயே இருக்கட்டும், அந்தக் காகிதச் சத்தம் பால்கனி வரை கேட்கும்.

தாத்தாவின் வயலின் பரணில் இருக்கிறது. உள்ளே ஸ்ட்ராடிவாரியஸ் என்றும் 1721 என்றும் சீட்டு ஒட்டியிருக்கிறது. விலை என்ன வரும்?
– வாசகர், ஸ்டேங்கர்

உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. ஸ்ட்ராடிவாரி 1737இல் இறந்துபோனார். அவர் செய்த வாத்தியங்களில் சுமார் 650தான் இன்றைக்கு மிச்சம். 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஜெர்மனி, பொஹீமியா, பிரான்ஸ் பட்டறைகளில் ஆயிரக்கணக்காக வயலின் செய்து, இந்த மாதிரி என்று காட்ட அவர் பெயர்ச் சீட்டை ஒட்டி உலகமெல்லாம் அனுப்பினார்கள். உங்களுடையது அந்த ரகமாகத்தான் இருக்கும். சீட்டின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஜெர்மனி என்று இருக்கிறதா பாருங்கள்.

அதனால் அது மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பட்டறை வயலின்களில் நல்ல நாதம் உள்ளவை நிறைய உண்டு. என் அப்பாவுடையதும் அப்படி ஒன்றுதான், இன்றைக்கும் அதில்தான் சொல்லிக்கொடுக்கிறேன். முதலில் பரணிலிருந்து இறக்குங்கள், தகரக் கூரையின் சூடு அதற்கு எமன். மேல்பலகையும் பக்கப்பலகையும் சேருமிடத்தில் விரல் முட்டியால் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். எங்காவது சலசலவென்று சத்தம் வந்தால் பசை விட்டிருக்கிறது. அது தோல் பசை. நம் கடற்கரை ஈரத்தில் விடும், திரும்ப ஒட்டலாம். கடையில் விற்கும் சூப்பர் க்ளூவைத் தயவுசெய்து பக்கத்தில் கொண்டு போகாதீர்கள். நாலு கம்பியையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள், உள்ளே நிற்கிற சின்னக் குச்சி விழுந்துவிடும், அதைத் திரும்ப நிறுத்தத் தெரிந்தவர் வேண்டும். வில்லின் முடி பூச்சி அரித்திருக்கும், அது போனால் போகட்டும், புதுசாகக் குதிரைவால் முடி கட்டிக்கொள்ளலாம்.

பெட்டியோடு ஒரு சனிக்கிழமை காலை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். கம்பி மாட்டி வாசித்துப் பார்ப்போம்.